வீட்டு சிஸ்டத்துக்கு கிராஃபிக்ஸ் கார்டு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் எஸ்.எம்.பி.எஸ் என்ன? பாதிப் பேருக்குத் தெரியாது. உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி அது, கேபினெட்டோடு சேர்ந்து வந்தது, இத்தனை வருஷமாக ஓடுகிறது, அவ்வளவுதான். எந்தக் கார்டு வேகம் என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. அந்தக் கார்டு உங்கள் பெட்டிக்குள் உட்காருமா, உட்கார்ந்தால் கரண்ட் பத்துமா, பழுதானால் நம்ம ஊரிலிருந்து அதை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று சொல்லத்தான் ஆளில்லை. தருமபுரியில் இருந்துகொண்டு கடை கடையாக விசாரித்து, பெங்களூர் வரை அலைந்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். என்னுடையது ரைசன் 5 5600ஜி பிராசஸர் போட்டு நானே அசெம்பிள் செய்த சிஸ்டம். பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரியில் கொஞ்சம் கேம். அதில் இப்போது ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு ஓடுகிறது. உங்கள் சிஸ்டம் வேறாக இருந்தாலும் செய்ய வேண்டிய வரிசை இதேதான்.

1. கடைக்குப் போகும் முன் கேபினெட்டைத் திறங்கள்

ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். மதர்போர்டு மாடல் (போர்டிலேயே அச்சடித்திருக்கும்), பிராசஸர் பெயர், ராம் எத்தனை ஜிபி, மானிட்டரில் என்னென்ன போர்ட் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ் ஸ்டிக்கரைத் தெளிவாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்பார் என்பதற்காக இல்லை. பல பேர் கேட்கவே மாட்டார்கள், அதனால்தான்.

அப்புறம் டேப்பை எடுத்து, பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு ஃபேன் வைத்த கார்டுகள் பெரும்பாலும் 200 முதல் 250 மி.மீ. நீளம் இருக்கும், மூன்று ஃபேன் கார்டுகளில் பல 300 மி.மீ.யைத் தாண்டிவிடும். பழைய கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டும் கூண்டு சரியாக அந்த வழியில்தான் துருத்திக்கொண்டு நிற்கும். அகலத்தையும் பாருங்கள், இப்போது வரும் கார்டுகள் பெரும்பாலும் குறைந்தது இரண்டு ஸ்லாட் (மதர்போர்டில் கார்டு செருகும் பள்ளம்) இடத்தை அடைக்கும்.

மானிட்டரில் நீல நிற விஜிஏ போர்ட் மட்டும்தான் என்றால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: புதுக் கார்டுகளில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான் இருக்கும், விஜிஏ கிடையாது. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் ஒன்று தேவைப்படும். சில நூறு ரூபாய்தான், ஆனால் கார்டை மாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைத் தேடி அலையக் கூடாது.

2. எஸ்.எம்.பி.எஸ் ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு இடத்தில் மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். என் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் மேல் கொட்டை எழுத்தில் 450 என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக ஆம்பியர் கணக்கு. நமக்கு வேண்டியது 12 வோல்ட் வரிசை மட்டும்தான், ஏனென்றால் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அதிலிருந்துதான். என்னுடையதில் 16 ஆம்பியர். 12 வோல்ட்டை 16ஆல் பெருக்கினால் 192 வாட். 450 எங்கே, 192 எங்கே! பிராசஸர், போர்டு, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் 140 வாட் பக்கம் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் கார்டுக்கு மிஞ்சுவது 50. ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட் வேண்டும்.

மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து தனி கேபிள் போக வேண்டும்: 6 பின் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். மலிவான எஸ்.எம்.பி.எஸ்களில் இந்தக் கேபிளே இருக்காது. அங்கேதான் ஒரு கடையில் என்னிடம், "இந்தக் கன்வெர்ட்டர் போட்டா தாராளமா ஓடும் சார்" என்று ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கேபிள் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். வாங்காதீர்கள். ஒரு சாட்டா பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். அதில் 150 வாட்டை இழுத்தால் பிளக் உருகும், நல்ல நேரமாக இருந்தால் அதோடு போகும்.

இன்னொரு பொறி: பிராசஸருக்குப் போகும் 4+4 பின் கேபிளும் கார்டுக்குப் போகும் 6+2 பின் கேபிளும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே வயரிங் நேர்மாறு. அழுத்தி நுழைத்தால் கார்டு காலி. கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்.எம்.பி.எஸ் என்றால், வேறு கம்பெனி கேபிளை எடுத்து அதில் செருகவே கூடாது.

ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 6600 வரிசைக்கு 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்ட்டை வீணாக்காத திறனுக்கான) சான்று உள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் போதும். எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. முப்பதாயிரத்துக்குக் கார்டை வாங்கிவிட்டு இதில் மிச்சம் பிடிப்பது, யானையை வாங்கிவிட்டுத் துறட்டிக்குக் கணக்குப் பார்த்த கதைதான்.

3. எந்த கார்டு?

எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றவே முடியாது, பட்ஜெட் இல்லை என்றால் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி பாருங்கள். 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி கேபிள் தேவையில்லை. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, அது 130 வாட், கேபிள் கேட்கும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கொஞ்சம் மேலே போனால் ஆர்எக்ஸ் 6600 (132 வாட்), ஆர்டிஎக்ஸ் 4060 (115 வாட்), ஆர்டிஎக்ஸ் 5060 (145 வாட்). மூன்றிலும் 8 ஜிபி மெமரி. கேம் மட்டும் என்றால் ஏஎம்டி, என்விடியா எதுவானாலும் சரி. எடிட்டிங், பிளெண்டர் (3டி மென்பொருள்), ஏஐ மாதிரி வேலைகளுக்கு என்விடியா பக்கம் சாய்வதுதான் நிம்மதி, பல மென்பொருள்கள் கார்டிலேயே கணக்குப் போட வைக்கும் அதன் குடா வசதியை நம்பியே எழுதப்பட்டவை. 4கே ஃபுட்டேஜை வைத்துக்கொண்டு 4 ஜிபி கார்டு வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை பேங்கிலேயே வைத்திருக்கலாம். இன்டெல் ஆர்க் பி580இல் 12 ஜிபி இருக்கிறது, ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி (பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே நேரத்தில் எட்டிப் பிடிப்பது) இருந்தால்தான் அதை நினைக்க வேண்டும். இல்லாத பழைய போர்டில் வேகம் பாதாளத்துக்குப் போகும்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஸ்லாட்டில் 4 லேன் (டேட்டா ஓடும் பாதை) மட்டும் பயன்படுத்துகிற கார்டு. 5600ஜி, பழைய பி450 போர்டு மாதிரி பிசிஐஇ 3.0 (ஸ்லாட்டின் பழைய, வேகம் குறைந்த தலைமுறை) மட்டும் உள்ள சிஸ்டத்தில் போட்டால் நன்றாகவே அடிவாங்கும், வீடியோவை வேகமாக எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை. 4060இல் 8 லேன் இருக்கிறது, 3.0 ஸ்லாட்டில் கொஞ்சம்தான் குறையும்.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு: ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் 2028 அக்டோபர் வரை. ஆர்எக்ஸ் 580ஐயும் ஏஎம்டி கிட்டத்தட்ட அதே நிலையில்தான் வைத்திருக்கிறது. சந்தையில் சுற்றும் 580களில் பல கிரிப்டோ மைனிங்கில் உழைத்துக் களைத்தவை. நேரில் போய், அவர்கள் சிஸ்டத்திலேயே கால் மணி நேரம் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கூடவே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். பழைய கார்டுக்குப் புதுப் பெயர் எழுதி விற்கும் போலிகள் பலவற்றை அது பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ராம் 8 ஜிபிதான் என்றால் முதலில் 16 ஆக்குங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, கார்டிலும் மெமரி இருப்பதால் அதன் விலையையும் அது இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் நான் சொல்லும் விலையை நம்பாமல் வாங்கும் வாரத்தில் விசாரியுங்கள்.

4. எங்கே வாங்குவது?

உள்ளூர் கடையில் இந்தக் கார்டுகள் ஸ்டாக்கில் இருப்பது அபூர்வம். ஆர்டர் போட்டு சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைத்துத் தருவார்கள். ஆன்லைனைவிட ஆயிரம், இரண்டாயிரம் கூட இருக்கும். தெரிந்த கடையாக இருந்து, பழுதானால் அவரே அனுப்பி வாங்கித் தருவார் என்றால் அந்தக் காசு தகும் என்பது என் கருத்து. மாட்டிக் கொடுப்பதற்கு 300 முதல் 500 ரூபாய் கேட்டார்கள், நீங்களே செய்யலாம்.

ஆன்லைனில் வாங்கினால் "7 நாள் ரீப்ளேஸ்மென்ட்" என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். பணம் திரும்ப வராது, பொருளைத்தான் மாற்றித் தருவார்கள் என்று அர்த்தம். பார்சலின் ஆறு பக்கமும் தெரியும்படி, ஒட்டிய டேப்பை வெட்டுவதிலிருந்து கார்டு வெளியே வரும் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

நமக்கு மற்ற மாவட்டக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி, கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் பெங்களூர் எஸ்.பி. ரோடு. தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாக ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் ஸ்டேஷன் இல்லாததால் அங்கிருப்பவர்களுக்கு பஸ்தான். பஸ்ஸில் போகிறவர்கள் டிராஃபிக்கில் சிக்கிக்கொண்டு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. அங்கே இறங்கி மஞ்சள் லைனில் ஆர்.வி. ரோடு, அங்கிருந்து பச்சை லைனுக்கு மாறி சிக்பேட்டை, எஸ்.பி. ரோடு பக்கத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும். முதல் கடையில் சொன்ன விலையை முடிவு என்று நினைக்காமல் நாலு கடை ஏறி இறங்குங்கள். தமிழில் பேசினாலே பல கடைகளில் வேலை நடந்துவிடும்.

திரும்பி வரும்போது கார்டு மடியில். மேலே லக்கேஜ் தட்டில் வைத்து, அதன் மேல் யாராவது பையைத் திணித்தால் சர்வீஸ் சென்டரில் அதற்குப் பெயர் "ஃபிசிக்கல் டேமேஜ்". வாரண்டி கிடையாது.

5. பில், சீரியல் எண், வாரண்டி

"பில் இல்லாம வாங்கினா ஆயிரம் ரூபாய் குறைச்சுக்கலாம்" என்பார்கள். கார்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதை மறைக்கத்தான் அந்த ஆயிரம். பெரும்பாலான கம்பெனிகள் 3 வருட வாரண்டி தருகின்றன. அந்த மூன்று வருடத்தை ஆயிரம் ரூபாய்க்கு விற்காதீர்கள்.

பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், தேதி, கார்டின் முழு மாடல் பெயர், சீரியல் எண் எல்லாம் இருக்க வேண்டும். எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்டுக் கொடுக்கும் துண்டுச் சீட்டு பில் ஆகாது. டப்பாவில் உள்ள சீரியல் எண்ணும் கார்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று கவுண்டரிலேயே ஒப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள். பில் தெர்மல் பேப்பரில் இருந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், வெயில் காலம் தாண்டுவதற்குள் எழுத்து மறைந்துவிடும். சில கம்பெனிகளில் வாங்கிய சில வாரத்துக்குள் வெப்சைட்டில் பதிவு செய்தால் கூடுதல் வாரண்டி உண்டு. டப்பாவை எரவாணத்தில் போட்டு வையுங்கள், பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டூடியோ வைத்து ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பெங்களூரில் வாங்கினால் உங்கள் எண்ணைக் கொடுத்து ஐஜிஎஸ்டி (வேறு மாநிலத்துக்கு விற்கும்போது போடும் வரி) போட்ட பில்லாகக் கேளுங்கள். கர்நாடக எஸ்ஜிஎஸ்டி போட்டுக் கொடுத்தால் இங்கே கிரெடிட் எடுக்க முடியாது.

6. மாட்டுவதற்கு முந்தைய நாள்

முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11இல் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) எதையாவது மாற்றியதும் அதைக் கேட்டாலும் கேட்கும். கார்டுக்கான டிரைவரை முன்னதாகவே டவுன்லோட் செய்துவிடுங்கள். மதர்போர்டு ரொம்பப் பழைய பயாஸில் ஓடினால் அப்டேட் செய்வது நல்லது, ஆனால் உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு, யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். பயாஸ் அப்டேட் பாதியில் கரண்ட் போனால் போர்டு செங்கல்தான்.

7. மாட்டுவது

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் இதுதான் சுலபம். பவர் கேபிளைப் பிடுங்கியபின் ஆன் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்ட்டை வடியவிடுங்கள். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் இரண்டு தகடுகளைக் கழற்ற வேண்டும். மலிவான கேபினெட்டில் அவை ஸ்க்ரூ இல்லாமல் உடைத்தெடுக்கும் வகை, ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கட்டிங் பிளேயரால் பிடித்து ஆட்டி எடுங்கள்.

பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள நீளமான ஸ்லாட்தான் கார்டுக்கு. கீழே அதே நீளத்தில் இன்னொன்று இருந்தாலும் பல போர்டுகளில் அதற்கு 4 லேன் மட்டும்தான் இணைத்திருப்பார்கள். ஸ்லாட் முனையில் உள்ள கொக்கியைத் திறந்து, கார்டை நேராக வைத்து இரு முனையிலும் சமமாக அழுத்துங்கள். டக் என்று சத்தம் கேட்டதும் ஸ்க்ரூவை முடுக்கி, 6+2 பின் கேபிளை அதன் கிளிப் பிடிக்கும் வரை செருகுங்கள். மானிட்டர் கேபிளை இனி கார்டில்தான் குத்த வேண்டும், மதர்போர்டில் இல்லை.

8. டிஸ்ப்ளே வரவில்லையா?

பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள். மானிட்டர் கேபிள் பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே இருக்கிறதா? மானிட்டரில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா? 8 பின் கேபிள் முழுசாக உள்ளே போயிருக்கிறதா? கார்டை ஒருமுறை கழற்றி மறுபடி மாட்டுங்கள். போர்டில் விஜிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தால் போர்டு கார்டைக் கண்டுகொள்ளவில்லை என்று பொருள்.

அதற்கும் வழிக்கு வரவில்லை என்றால் கார்டைக் கழற்றி, பழையபடி மதர்போர்டு போர்ட்டில் ஓட்டி, பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே பழைய முறையில் பூட் செய்ய உதவும் சிஎஸ்எம் என்று ஒன்று இருக்கும். அதை அணைத்து, அபவ் 4ஜி டீகோடிங், ரீசைசபிள் பார் இரண்டையும் ஆன் செய்ய வேண்டும். பொறி என்னவென்றால், விண்டோஸ் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வகையில் இருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் விண்டோஸே பூட் ஆகாது. முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் புது வகையான ஜிபிடியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எம்பிஆர் என்றால் விண்டோஸிலேயே ஃபைல் அழியாமல் மாற்றும் கருவி இருக்கிறது, பேக்கப் எடுத்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

9. டிரைவரும் சோதனையும்

முன்பு வேறு கம்பெனி கார்டு இருந்தால் மட்டும், நெட்டைத் துண்டித்துவிட்டு டிடியூ மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்து எடுங்கள். இல்லாவிட்டால் நேராகப் புது டிரைவரைப் போடலாம். அப்புறம் ஜிபியு-இசட்டில் பெயரும் மெமரியும் பில்லோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கால் மணி நேரம் ஃபர்மார்க், பிறகு உங்கள் வழக்கமான வேலையை ஒரு மாலை முழுக்க. திரையில் புள்ளி, கோடு, திடீர் ரீஸ்டார்ட் ஏதாவது வந்தால் அந்த 7 நாளுக்குள்ளேயே தெரிந்தாக வேண்டும்.

10. வெயில், யூபிஎஸ், கரண்ட் பில்

சித்திரை வெயிலில் மாடி அறையில் வைத்து ரெண்டர் போட்டால் கார்டு 80 டிகிரிக்கு அந்தப் பக்கம் போய், தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும். கேபினெட்டின் பின்னால் ஒரு 120 மி.மீ. எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், கேபினெட்டைச் சுவரோடு ஒட்டாதீர்கள். கிரானைட் பட்டறைப் பக்கம் வீடு உள்ளவர்கள் மாதம் ஒருமுறை தூசி தட்டியே ஆக வேண்டும்.

வீட்டில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 4060க்குச் சமாளிக்கும், சேவ் செய்து அணைக்கிற அளவுக்கு. அதைவிடப் பெரிய கார்டு என்றால் 1100 விஏ பக்கம் போங்கள். கரண்ட் போய் மலிவு யூபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்கள் அணைந்துவிடும், வாங்கும் முன் கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

115 வாட் கார்டை தினம் 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 28 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். பெரிதில்லை. 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கிற வீடுகள் மட்டும் கவனிக்க வேண்டும், தாண்டினால் கட்டண அடுக்கே மாறும்.

11. கார்டு நின்றுபோனால்

சர்வீஸ் சென்டர்கள் சென்னை, பெங்களூர், கோவை மாதிரி பெரிய ஊர்களில்தான். முதலில் கம்பெனி வெப்சைட்டில் புகார் பதிவு செய்து எண் வாங்குங்கள், பிறகு கார்டை ஆன்டி-ஸ்டேட்டிக் கவரில் போட்டு, பழைய டப்பாவில் வைத்து, பில் நகலோடு அனுப்புங்கள். அனுப்பும் முன் கார்டை நாலு பக்கமும், சீரியல் ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கடையும் கம்பெனியும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டு இழுத்தடித்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் அசையவில்லை என்றால், பெங்களூரில் வாங்கியிருந்தாலும் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

அந்த வாரங்களில் சிஸ்டம் ஓட வேண்டுமே. 5600ஜி மாதிரி உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசஸர் என்றால் கேபிளை மதர்போர்டுக்கு மாற்றிக்கொண்டு சமாளிக்கலாம். இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிகிற பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை, அதனால் பழைய கார்டு ஏதாவது இருந்தால் புதுசு வந்த சந்தோஷத்தில் அதை உடனே விற்றுவிடாதீர்கள்.